தோட்டத்துக் காவல்காரனைக் கொல்லாதே!

“பூச்சியைப் பூச்சி தின்னுமாம்! அதை நம்பி வெள்ளாமை வைக்கச் சொல்கிறார்கள் இவர்கள்!” உத்திரமேரூர் கடைத்தெருவில் பூச்சி மருந்து விற்கும் ஒரு பிரமுகர் நம்மைக் காட்டி இப்படிக் கேலி பேசினார். கடை வாசலில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டிருப்பவர்கள். நாலாவது ஆள், அவர்களுடைய தோட்டங்களில் கூலிக்கு மருந்து அடிப்பவர். அவரும் சிரித்தார்.

அந்த நாலாவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறோம். மற்ற மூவரும் படிக்கட்டும். அவர்களுக்கும் இதில் லாபமே தவிர நஷ்டம் இல்லை.

டேங்க்கைச் சுமப்பவன் யார்?

மருந்து அடிப்பது என்றால் என்ன? 16 லிட்டர் டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, எதிர்க்காற்றில், செடிக்குச் செடி நடப்பது. டேங்க் ஒழுகும். முதுகு நனையும். லுங்கி நனையும். அந்த லுங்கியோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் அதே தோட்டத்தில் காய் பறிக்க வருபவள் அவன் மனைவி. மடியில் காயைக் கட்டிக்கொண்டு வருவாள். அந்த லுங்கியைத் துவைப்பவளும் அவளே.

நம் வட்டாரத்தில் ஒரு கத்தரித் தோட்டத்தில் ஒரு தொழிலாளி உச்சிவெயிலில் சுருண்டு விழுந்தார். வாயில் நுரை. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “என்ன மருந்து அடித்தார்?” பதில் சொல்ல ஆள் இல்லை. கடையில் இரண்டு மருந்தைக் கலந்து, பேர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார். தோட்டக்காரர் பிறகு என்ன சொன்னார் தெரியுமா? “அவன் வெறும் வயிற்றோடு அடிக்கப் போனான், அதனால்தான் மயக்கம்.”

வெறும் வயிறு யாருடைய குற்றம்? நாம் கேட்கிறோம்.

ஆலைத் தோழர்களே! ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வண்டி ஏறிப் போகிறீர்கள். முகமூடி இல்லாமல் பெயிண்ட் அடி என்று மேஸ்திரி சொன்னால் சும்மா இருப்பீர்களா? உங்கள் தகப்பனும் தம்பியும் ஊரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று 1971-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. உத்திரமேரூர் தாலுகாவில் எத்தனை பேர் அந்த உடையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

அந்தச் சட்டமே எப்படி வந்தது? 1958-ம் வருஷம், உணவுப் பண்டத்தோடு ஒரே கப்பலில் வந்த பாரத்தியான் விஷம் கசிந்து கோதுமை மாவில் கலந்தது. கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நம் கிராமங்களில் ‘பாலிடால்’ என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷம்தான் அது. சட்டம் வர 10 வருஷம் ஆயிற்று, 1968-ல் வந்தது. சட்டம் வந்த பிறகு சாவு நின்றதா? 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் விஷவாயுவில் சிக்கினார்கள். யூனியன் கார்பைடு அங்கே என்ன தயாரித்தது? பூச்சி மருந்து! காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது 2000-ம் வருஷம் வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தூவினார்கள். அது தனியார் தோட்டம் அல்ல, சர்க்கார் கார்ப்பரேஷன் தோட்டம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம். அடியில் வாழ்ந்த ஜனங்களின் பிள்ளைகள் ஊனமாய்ப் பிறந்தன. 2011-ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்தைத் தடுத்தது. 2017-ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும் பகுதி யார்? சிறு விவசாயிகளும் கூலிகளும். மருந்துக் கம்பெனி டைரக்டர் ஒருவராவது டேங்க்கைச் சுமந்து செத்ததாக யாராவது காட்ட முடியுமா?

மருந்து முதலில் யாரைக் கொல்கிறது?

“சரி, விஷம்தான். ஆனால் அடிக்காவிட்டால் பயிர் போய்விடுமே!” இதுதான் அவர்களுடைய பெரிய வாதம். இதையும் பார்த்துவிடுவோம்.

நெல் வயலில் இறங்கித் தண்டின் அடியைப் பாருங்கள். சிலந்தி ஓடும். அது வெறுமனே ஓடவில்லை. புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. தயிர்க்கடைப் பூச்சி, தட்டான், பொறிவண்டு எல்லாம் இரை தேடித்தான் வருகின்றன. பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினியை நாள் முழுக்கத் தின்னும். இவை கூலி கேட்காத காவல்காரர்கள்.

மருந்து அடித்தால் என்ன நடக்கிறது? வெளியே திரியும் சிலந்தி முதலில் சாகிறது. புகையான் முட்டையோ இலை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. சில நாளில் முட்டை பொரிகிறது. அப்போது காவல்காரன் இல்லை. ஒன்று நூறாகிறது. மறுபடி கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் இன்னும் காரமான மருந்தை எடுத்துத் தருகிறார். தப்பிப் பிழைத்த பூச்சியின் வம்சத்துக்கு அந்த மருந்தும் நாளடைவில் பழகிப் போகிறது. திருடனைப் பிடிக்கிறேன் என்று காவல்காரனைச் சுட்டுவிட்டு, மறுநாள் திருட்டு அதிகமாகிவிட்டது என்று இன்னொரு துப்பாக்கி வாங்குவது போல இருக்கிறது இது.

நாம் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தோனேஷியாவைப் பாருங்கள். அங்கே சுஹார்த்தோ சர்க்கார் மருந்துக்கு மானியத்தை அள்ளிக் கொடுத்தது. மருந்து ஏற ஏறப் புகையானும் ஏறியது. கடைசியில் 1986-ம் வருஷம் நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. சுஹார்த்தோ உழைப்பாளி மக்களின் நண்பர் அல்ல. 1965-ல் அந்நாட்டு மண்ணை அவர்கள் ரத்தத்தால் நனைத்தவர். அவரே இதைச் செய்ய வேண்டி வந்தது என்றால், வயல் சொன்ன உண்மை எவ்வளவு பலமானது என்று யோசியுங்கள்!

மாவுப்பூச்சி கற்பித்த பாடம்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2008-ம் வருஷம் கோவைப் பக்கம் பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி தோன்றியது. மெக்சிகோ நாட்டுப் பூச்சி. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். பூச்சியின் மேல் மெழுகு மாவு மூடியிருக்கிறது. மருந்து உள்ளே போகவில்லை. பணம் போயிற்று, பூச்சி போகவில்லை.

விஞ்ஞானிகள் வேறு கேள்வி கேட்டார்கள். பிறந்த நாட்டில் இந்தப் பூச்சி ஏன் இவ்வளவு ஆட்டம் போடவில்லை? அங்கே அதற்கு எதிரி உண்டு. எறும்பைவிடச் சிறிய குளவிகள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். கடைசியில் பூச்சி வெறும் கூடாகும். அதில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி பறக்கும். 2010-ல் மூன்று வகைக் குளவிகளைப் போர்ட்டோரிகோ தீவிலிருந்து தருவித்தார்கள். பெங்களூரில் உள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் அவற்றைத் தனிக் கூடத்தில் அடைத்துச் சோதித்துப் பெருக்கியது. அந்த வருஷம் அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவின. ஏராளமான மருந்தால் முடியாத காரியத்தைக் குளவிகள் முடித்தன. மாவுப்பூச்சி அடங்கியது.

இது ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டமா? இல்லை. 2020-ல் மரவள்ளிக்கு இன்னொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தோன்றி, சேலம், நாமக்கல் வரை வந்தது. ஆப்பிரிக்காவில் 1980-களில் இதே பூச்சி மரவள்ளியை அழித்துக் கோடிக்கணக்கான ஏழைகளின் வயிற்றில் அடித்தது. அங்கே அதை அடக்கியது பராகுவே நாட்டில் கண்டெடுத்த ஒரு குளவி. அதே குளவியை 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது, “மருந்து அடிக்காதீர்கள், அடித்தால் அதைத் தின்னும் குளவி செத்துவிடும்” என்று பல்கலைக்கழகத்தாரே சொன்னார்கள்.

நெல்லுக்கும் கரும்புக்கும் இன்னொரு குளவி உண்டு. டிரைக்கோகிரம்மா என்று பேர். அரை மில்லி மீட்டர்தான் இருக்கும். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்காது, குளவி பிறக்கும். அதாவது, பயிரைக் கடிக்கும் முன்பே எதிரி தீர்ந்தான்! இந்தக் குளவி அடங்கிய முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். ஒரு சி.சி. அட்டையில் சுமார் 18 ஆயிரம் முட்டை. குருத்துப் பூச்சிக்கு, நடவு நட்ட 30-ம் நாளும் 37-ம் நாளும் ஏக்கருக்கு 2 சி.சி. கட்ட வேண்டும். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு, நாலாம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு ஒரு சி.சி. வீதம் 6 தடவை. தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகள் பல, தாங்களே கூடம் வைத்து இந்த அட்டையைத் தயாரித்துக் கரும்புக்காரர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. ஆலைக்குச் சர்க்கரை குறையும் என்றால் மட்டும் பூச்சியைப் பூச்சி தின்னும்; கூலியின் உயிர் போகும் என்றால் தின்னாதா? கடைக்கார ஐயா பதில் சொல்லட்டும்!

ஏன் இதைச் சொல்ல ஆள் இல்லை?

இவ்வளவு நல்ல சங்கதி ஏன் ஊருக்குத் தெரியவில்லை? மருந்துக் கம்பெனிக்குச் சுவரெல்லாம் விளம்பரம். காலண்டர், தொப்பி, கடைக்காரருக்குக் கமிஷன், சுற்றுலா. குளவிக்கு விளம்பரம் செய்வது யார்?

ரகசியம் எளிது. மருந்து தீர்ந்துபோகும், மறுபடி வாங்க வேண்டும். தீர்ந்துபோவதுதான் அந்தச் சரக்கின் பெருமை. குளவியோ ஒரு முறை ஊன்றிவிட்டால் தானே பெருகும். பப்பாளிக் குளவியை மறுபடி மறுபடி வாங்க வேண்டியதில்லை. தானே பெருகும் சரக்கை எந்த முதலாளி விற்பான்? அதனால்தான் பப்பாளிக் குளவியும் மரவள்ளிக் குளவியும் பொது ஸ்தாபனங்களின் வழியாகவே வந்தன. பெங்களூர் நிலையத்தின் வேர் 1957-ல் அங்கே தொடங்கிய ஒரு சிறு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் பொதுப் பணத்தில் வளர்ந்த அறிவு அது. அது நம்முடைய அறிவு.

சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1926-ல் தக்காளிக் கண்ணாடிக் கூடங்களில் வெள்ளை ஈயைக் கொல்லும் ஒரு குளவியைக் கண்டுபிடித்தார்கள். 1930-களில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதை லட்சக்கணக்கில் வளர்த்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. யுத்தம் முடிந்தது, டி.டி.டி. வந்தது, குளவியைத் தூக்கி எறிந்தார்கள். பூச்சிகளுக்கு மருந்து பழகிப்போன பிறகு, 1970-களில் அதே குளவியைத் தேடி ஓடினார்கள். இன்று ஐரோப்பாவில் பசுமைக் குடில் தக்காளிக்குக் குளவி காவல். ஆனால் தன் நாட்டில் தடை செய்த விஷத்தை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளும் அதே ஐரோப்பாவில் இருக்கின்றன. அவர்கள் தக்காளிக்குக் குளவி. நம் கத்தரிக்கு விஷம்! இது என்ன நியாயம்?

கியூபாவையும் பார்க்க வேண்டும். சோவியத் யூனியன் வீழ்ந்த பிறகு, 1990-களில் அங்கே மருந்து வரத்து நின்றது. அந்தச் சின்னத் தீவு இருநூறுக்கும் மேற்பட்ட சிறு கூடங்களில் நன்மை செய்யும் பூச்சிகளையும், பூச்சியைக் கொல்லும் காளான் விதைகளையும் உற்பத்தி செய்தது. சர்க்கரைவள்ளிக் காட்டுக்கு வாழைத்தண்டில் எறும்புகளை ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். கிழங்கைத் துளைக்கும் வண்டை எறும்பு தின்றது.

இரண்டு தவறான வாதங்கள்

எதிரியின் வாதத்தை மட்டும் பேசினால் போதாது. நம் பக்கத்திலும் இரண்டு தவறான வாதங்கள் உண்டு.

ஒன்று, பழம்பெருமை வாதம். “மருந்தே வேண்டாம், முன்னோர் வழிக்குப் போவோம்” என்று சிலர் பேசுகிறார்கள். பேசிவிட்டு, அந்தக் காயைப் பட்டணத்துப் பணக்காரர்களுக்கு இரட்டை விலைக்கு விற்கிறார்கள். பறித்த கூலிக்காரி வீட்டுக் குழம்பில் விஷக் கத்தரிக்காய்தான். குளவி வளர்ப்பது மந்திரமும் அல்ல, பஜனையும் அல்ல. அது விஞ்ஞானம். எண்ணிப் பார்த்து, நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. அட்டையை நாள் தவறிக் கட்டினால் பலன் இல்லை. மருந்து போல ஒரே நாளில் பூச்சி விழாது, பொறுக்க வேண்டும். எல்லாப் பூச்சிக்கும் குளவி கிடைக்காது. எண்ணிப் பார்த்துச் சேதம் எல்லை மீறினால், கடைசிக் கட்டமாக மருந்து தேவைப்படலாம். அப்போது முழுப் பாதுகாப்பு உடையோடு அடிக்கட்டும். இதை ஒளிப்பது நமக்கு அழகல்ல.

இரண்டாவது வாதம் நம் தோழர்களே சொல்வது. “மருந்து அடிக்கிற நாளைக்குக் கூடுதல் கூலி கிடைக்கிறது. அதையும் ஒழித்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?” இது நியாயமான பயம். லேசாகத் தள்ளிவிட மாட்டோம். ஆனால் யோசியுங்கள். விஷத்துக்காகக் கிடைக்கும் அந்தக் கூடுதல் காசு, கூலி அல்ல. உடம்பை அடகு வைத்து வாங்கும் கடன். வட்டியை ஆஸ்பத்திரியில் கட்டுகிறோம். பூச்சி வளர்ப்பும் வேலைதான். அந்த முட்டைகளுக்காக ஒரு வகை அந்துப்பூச்சியை உடைத்த கம்பிலும் நிலக்கடலைத் தூளிலும் வளர்க்கிறார்கள். முட்டையைச் சலிக்க வேண்டும். அட்டையில் ஒட்ட வேண்டும். வயலில் கட்ட வேண்டும். வாரா வாரம் செடிக்குச் செடி எண்ண வேண்டும். இதெல்லாம் கை வேலை, கண் வேலை. நாற்று நடும் பெண்கள் செய்யக்கூடிய வேலை. டேங்க்கைச் சுமக்கும் வேலை போகட்டும். இந்த வேலை வரட்டும். கூலி குறையாமல் வரட்டும். அதற்குத்தான் சங்கம்!

வரப்பு குளவிக்குத் தெரியாது

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நீ மட்டும் உன் தோட்டத்தில் அட்டை கட்டி, பக்கத்துத் தோட்டக்காரன் மருந்து அடித்தால் என்ன ஆகும்? உன் குளவி வரப்பைத் தாண்டிப் போய்ச் சாகும். குளவிக்குப் பட்டா தெரியாது. ஆகவே இது தனி ஆள் வேலை அல்ல. ஏரிப் பாசனம் எப்படி ஊர் வேலையோ, அப்படி இதுவும் ஊர் வேலை.

இதை உத்திரமேரூருக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்களை இங்கே கோயில் சுவரில் பார்க்கிறோம். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடவோலை போட்டு ஆளெடுத்தார்கள். டில்லி வரைக்கும் இதைப் பெருமை பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டின் இன்னொரு வரியை யாரும் மேடையில் படிப்பதில்லை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருப்பவன் பேரைத்தான் குடத்தில் போடலாம். சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவன் பேர் குடத்தில் விழவில்லை.

ஆயிரத்து நூறு வருஷம் ஆயிற்று. இன்று தோட்டத்தில் எந்த மருந்து, எத்தனை தடவை என்று தீர்மானிப்பது யார்? கடைக்காரர் பாதி, தோட்டக்காரர் பாதி. டேங்க்கைச் சுமப்பவன் பேர் இன்றும் குடத்தில் இல்லை!

நமது கோரிக்கைகள் இவை:

ஒவ்வொரு வட்டாரத்திலும் சர்க்கார் செலவில் ஒட்டுண்ணிக் கூடம் வேண்டும். கூட்டுறவுச் சங்கம் நடத்தட்டும். கிராமத்துப் பெண்களுக்கு நியாயக் கூலியோடு அதில் வேலை வேண்டும்.

ஊராட்சிதோறும் தோட்டக் கமிட்டி வேண்டும். அதில் கூலித் தொழிலாளிக்கும் குத்தகைக்காரருக்கும் இடம் வேண்டும். பூச்சியை எண்ணிப் பார்த்த பிறகே மருந்தா, அட்டையா என்று தீர்மானிக்க வேண்டும்.

மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் உடையும் முகமூடியும் சோப்பும் வேலை தருபவர் பொறுப்பு. பேர் ஒட்டாத பாட்டிலில் விற்பவர் லைசென்ஸைப் பறிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நம் கையில் ஒன்று இருக்கிறது. சாலவாக்கத்திலோ மானாம்பதியிலோ, அடுத்தடுத்த பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு போகத்துக்குக் கடைக்காரர் பேச்சைக் கேட்காமல், வேளாண் ஆபீசில் அட்டை கேட்டு வாங்கிக் கட்டிப் பார்க்கட்டும். அவர்களோடு அங்கே வேலை செய்யும் கூலித் தோழர்களும் உட்கார்ந்து பூச்சியை எண்ணட்டும். கணக்கை ஊர் நடுவில் வைத்துப் படிக்கட்டும். யார் சொன்னது மெய் என்று கத்தரிச் செடியே சொல்லும்.

கடைவாசலில் சிரித்த அந்த நாலாவது தோழருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை டேங்க்கை முதுகில் ஏற்றுவதற்கு முன், செடியை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். இலைக்கு அடியில் பொறிவண்டு நடக்கும். உங்களைப் போலவே கூலியில்லாமல், பேரில்லாமல் தோட்டத்தைக் காப்பாற்றுகிற ஜீவன் அது. அதைக் கொல்லும் விஷம்தான் உங்களையும் கொல்கிறது. உங்கள் இருவர் சாவிலும் லாபம் பார்ப்பவர் ஒருவரே. அவர் சிரிக்கட்டும். அவரோடு சேர்ந்து நீங்கள் சிரிக்காதீர்கள்!